வாசனைப் பெட்டி

காசிமாயனுக்கு மூக்கு போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. பார்க்கிறவர்களுக்கு அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. வாசனைதான் தெரியாது.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பெண்டாட்டி விஜயராணியையும் பத்து வயது மகள் நதியாவையும் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்த புதிதில், ஆற்றோரம் ஒரு சாயப்பட்டறையில் துணி வெளுக்கிற தொட்டிக்கு வேலைக்குப் போனான். ஒருநாள் மத்தியானம் எதையோ எதிலோ மாற்றி ஊற்றிவிட்டார்கள். தொட்டி சீறிக்கொண்டு கிளம்பியது. மற்றவர்கள் வெளியே ஓடினார்கள். குழாயை அடைக்கப் போன காசிமாயன் மாட்டிக்கொண்டான். மூன்று நாள் மூக்கில் ரத்தம் வடிந்தது. நாலாம் நாள் விஜயராணி நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்துத் தட்டை நீட்டியபோது, "இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டான். அவள் சிரித்தாள். அவன் மறுபடியும் கேட்டான்.

அதற்குப் பிறகு பட்டறைப் பக்கம் போகவில்லை. பனியன் கம்பெனிகளில் தையல் மிஷின் மெக்கானிக்காகத் தேறிவிட்டான். ஓவர்லாக் மிஷின் ஓடும்போது காதைக் கொடுத்துக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். நொய்யல் பாலத்தின்மேல் பஸ் போகும்போது எல்லோரும் முந்தானையையும் கைக்குட்டையையும் மூக்குக்குக் கொண்டுபோவார்கள். அவன் ஜன்னலில் முகத்தை வைத்துக் காற்று வாங்குவான். "குடுத்து வச்ச ஆளப்பா" என்பார்கள். வீட்டில்தான் சிரமம். பால் தீய்ந்ததா, நேற்றைய குழம்பு கெட்டதா என்பதெல்லாம் விஜயராணி சொன்னால்தான் தெரியும்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் ஆடி மாதம். பாதி நாள் கரண்டு இருக்காது. கம்பெனியில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, முதலாளி சாமியப்பன் அவனை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். அந்தக் கம்பெனியில் சேர்ந்து அவனுக்கு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மேஜைமேல் தேங்காய் அளவில் பழுப்பு வெள்ளையாக ஒரு சாமான் இருந்தது. பழைய காலத்துக் கெட்டியான பிளாஸ்டிக். சுற்றிலும் மீன் செதில்போல ஓட்டைகள். உச்சியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு பித்தளை மூடி.

"இதென்னன்னு தெரியுதுங்களா காசி?"

"ரேடியோங்களா மொதலாளி?"

"ரேடியோ இல்லீங்க. வாசனைப் பொட்டி. எங்கப்பாரு மொத மொதல்ல வெளிநாட்டு ஆர்டர் புடிச்சாரு பாருங்க, அப்ப ஒரு ஜெர்மனிக்காரரு கொண்டாந்து குடுத்தது. முப்பது வருசமாகுது. தோட்டத்துல எங்கக்கா ரூம்புல இருந்துச்சு. இப்ப ஓட மாட்டீங்குது."

"பாக்குறேங்க."

"ரிப்பேரு மட்டுமில்லீங்க. அடுத்த மாசம் வெளிநாட்டுல இருந்து சரக்கு வாங்கற பையர் வர்றாரு. சேம்பிள் ரூம்புல சன்னலத் தொறந்தா ஆத்து நாத்தம் கொடலப் பொரட்டுது. ஸ்பிரே அடிச்சா அரை மணி நேரம் தாங்கறதில்ல. இதே மாதிரி அஞ்சு செஞ்சு குடுங்க."

"நானுங்களா?"

"சேம்பிளப் பாத்து அச்சா அடிக்கறதுதானுங்களே நம்மூருப் பொழப்பே! பிரிச்சுப் பாருங்க, அளவெடுங்க, ஆகறதச் செய்யுங்க. ஒண்ணே ஒண்ணு, ஒடச்சுப் போடாதீங்க. எங்கக்கா என்னையக் கொன்னுபோடும்."

தனக்கு வாசனை தெரியாது என்பதைக் காசிமாயன் முதலாளியிடம் சொல்லவில்லை. பழைய பெட்ஷீட் துணியில் அதைச் சுற்றி வாங்கிக்கொண்டான்.

மறுநாள் ஞாயிறு. அவர்கள் குடியிருந்தது வேலாத்தாள் என்கிற உள்ளூர் அம்மாவின் காம்பவுண்டில். ஐந்து லைன் வீடு, பொதுத் தண்ணீர்த் தொட்டி, தொட்டியோரம் ஒரு முருங்கை. விஜயராணி துணி துவைக்கப் போன பிறகு அவன் வாசலருகே பாயை விரித்துப் பெட்டியைப் பிரித்தான். நாலு திருகாணிதான். உள்ளே இருந்ததைப் பார்த்ததும் அவனுக்கு அந்த முகம் தெரியாத ஜெர்மனிக்காரன்மேல் ஒரு மரியாதை வந்தது. அடியில் அயர்ன் பாக்ஸில் இருப்பதுபோலச் சின்னதாக ஒரு சூட்டுத் தகடு. அதன்மேல் எலுமிச்சை அளவு பித்தளைத் தொட்டி. தொட்டிக்குள்ளிருந்து ஒரு திரி தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு உலோகத்தை ஒட்டிச் செய்த ஒரு பட்டை. சூடு ஏற ஏறப் பட்டை வளைந்து உச்சி மூடியை மேலே தள்ளும். அதே வளைவில் கரண்டும் அறுந்துபோகும். ஆறினதும் பட்டை நிமிரும். மூடி விழும். மறுபடியும் கரண்டு ஏறும். மோட்டார் இல்லை, விசிறி இல்லை. தானாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

கோளாறு பெரிதில்லை. கரண்டு தொடுகிற புள்ளி கரி பிடித்திருந்தது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தான். பன்னிரண்டு மணிக்குக் கரண்டு வந்ததும் சொருகிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். பதினெட்டாம் நிமிஷம் மூடி, யாரோ உள்ளிருந்து விரலால் தள்ளினதுபோல் மெதுவாக எழுந்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து டக்கென்று விழுந்தது. அட்டைப்பெட்டித் துண்டில் பென்சிலால் எழுதிக்கொண்டான். இரண்டாம் தடவை மூடி எழுந்தபோது விஜயராணி பிழிந்த துணி வாளியோடு உள்ளே வந்தாள்.

வாளி அவள் கையிலிருந்து நழுவியது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"நதியா" என்றாள்.

காசிமாயன் நிமிர்ந்தான். அவள் ஈரக் காலோடு அவனைத் தாண்டிச் சமையல் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். கதவை இழுத்து அதன் பின்னால் பார்த்தாள். "எப்படி வந்த? எங்கிட்டிருக்க? ஏத்தா, வெளிய வா" என்றாள்.

"ஏ புள்ள, என்ன ஆச்சு?"

"ஏய்யா, புள்ள வந்துருக்காய்யா. ஒனக்குத் தெரியலையா?" என்றவள், சொன்ன பிறகுதான் அவனுக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்து, வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

நதியா அவர்களை விட்டுப் போய் இரண்டரை வருஷமாகியிருந்தது. பதினெட்டு வயது. ஒரு கம்பெனியில் கைமடி, அதாவது டெய்லர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கிற வேலை. அங்கே கட்டிங்கில் இருந்த முகிலன் என்கிற பையனோடு ஒரு சம்பள நாளன்று போய்விட்டாள். பையன் தங்கள் ஆட்களில்லை என்பது மட்டும்தான் காசிமாயனுக்குத் தெரியும். ஊர் தாராபுரம் ரோட்டுப் பக்கம் என்று யாரோ சொன்னார்கள். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. பத்தாம் நாள் வேலாத்தாள் வீட்டுப் போனுக்கு அவள் கூப்பிட்டாள். விஜயராணி ஓடுவதற்குள் காசிமாயன் ரிசீவரை வாங்கி, "அந்தப் பேருல இங்க யாரும் இல்ல. இருந்த ஒருத்தியும் செத்துப்போயிட்டா" என்று சொல்லி வைத்துவிட்டுத் தொட்டியில் போய்த் தலை முழுகினான். காம்பவுண்டே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு போன் வரவில்லை.

யாருக்கும் சொல்லாமல் இரண்டு தடவை தாராபுரம் பஸ் ஏறி அவிநாசிபாளையத்தில் இறங்கி, டீக்கடையில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறான். யாரிடம் என்னவென்று கேட்பது?

"அது மிஷின் வாசம் புள்ள. வெளிநாட்டுச் செண்டு" என்றான் இப்போது.

"எது செண்டு? வெட்டிவேரும் மரிக்கொழுந்தும் கிச்சிலிக்கெழங்கும் போட்டு நான் காச்சுற எண்ணெய்யா இது. சின்னப் புள்ளையில இருந்து அவ தலைக்கு நான் தேச்ச எண்ணெ. அவ போனதுலருந்து இந்த வீட்டுல நான் அதக் காச்சுனதுண்டா? சட்டி எங்க கெடக்குன்னாச்சும் தெரியுமா ஒனக்கு?"

"அந்த மாதிரி இருக்கும்."

"மாதிரியா? நீ என்னத்தக் கண்ட?"

அவன் பெட்டியின் வயரைப் பிடுங்கினான். மூடி விழுந்தது. விஜயராணி சொன்னாள், "எங்காத்தா செத்தப்ப எட்டு நாளு வீட்டுல வெத்தல வாசம் அடிச்சுச்சு. செத்தவுக வாசமாத்தான் வருவாக. எம்புள்ள போயிட்டாய்யா. சொல்லிட்டுப் போக வந்துருக்கா."

சாயங்காலம் அவன் வேலாத்தாளைக் கூட்டிவந்தான். பெட்டியை ஓடவிட்டுப் பதினெட்டு நிமிஷம் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மூடி எழுந்தது.

"ஏனுங்க, ஏதாச்சும் வருதுங்களா?"

வேலாத்தாள் இரண்டு தடவை மூச்சை இழுத்தாள். "வருதுங் காசி. தலைக்கு வெக்கற எண்ணெயாட்ட இருக்குதுங். வெட்டிவேரு..." விஜயராணியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உங்க புள்ள தண்ணி புடிக்க வர்றப்ப இப்படித்தானுங் வாசம் வரும்." எழுந்தவள் போகிற வழியில் தன் வீட்டு வாசலில் ஒரு கல் உப்பைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அந்த வாரம் விஜயராணி தன் பனியன் கம்பெனி செக்கிங் வேலைக்குப் போகவில்லை. கரண்டு இருக்கிற நேரமெல்லாம் பெட்டியை ஓடவிட்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மூடி எழும்போது பேசுவாள். "மழ இல்லடி இந்த வருசம். ஒஞ் சித்தி மகளுக்குக் கல்யாணம் ஆயிருச்சு." மூடி விழுந்ததும் நிறுத்திக்கொள்வாள். மத்தியானம் ஒரு தட்டில் சோறும் அவரைக்காய் வெஞ்சனமும் வைத்து மூலையில் மூடிவைத்தாள். தான் சாப்பிடவில்லை. காசிமாயன் வேலை முடிந்து வந்தால் சுவரைப் பார்த்துச் சாய்ந்து கிடப்பாள். அந்த வாரத்துக்குள்ளேயே கழுத்தெலும்பு தெரிந்தது. அவனும் வீட்டில் இருக்கும்போது மூடியையே பார்க்கலானான். டக்கென்று விழுகிற சத்தம் கம்பெனியில் அத்தனை மிஷின் நடுவிலும் காதில் கேட்டது. எல்லோருக்கும் வருகிறாள், தனக்கு மட்டும் வரவில்லை என்று ஒரு நினைப்பு எழும். உடனே அப்படி நினைத்ததற்கே பயந்துகொள்வான்.

வெள்ளிக்கிழமை அவள் ஊர்க்காரர்கள் மூலமாக ஒரு கோடாங்கியைப் பார்த்துவிட்டு வந்தாள். உடுக்கடித்துக் குறி சொல்கிறவர், பஞ்சம் பிழைக்க வந்தவர்களோடு அவரும் திருப்பூர் வந்திருந்தார்.

"தண்ணிக்கு அலையிறாளாம். ஆடி அமாவாசைக்கு ஆத்துல எள்ளுந் தண்ணியும் விட்டு அனுப்பி வைங்கன்னுட்டாரு. அடுத்த வெள்ளிக்கெழம. நீதான் விடணும்."

"நான் விடமாட்டேன்."

"ஏன்? அன்னைக்குப் போன்ல சொன்னவனுக்கு இப்ப விடுறதுக்கு என்ன?"

எள்ளைக் கையில் எடுத்துத் தண்ணீரோடு விட்டால் அது முடிந்துபோன காரியம். வாயால் சொன்னது பாதி, கையால் செய்தால் மீதி. அதைத் தடுக்க அவனிடம் இருந்தது இந்தப் பெட்டி ஒன்றுதான். வாசம் மிஷினிலிருந்து வருகிறது என்று காட்டிவிட்டால் போதும், மகள் எங்கேயோ உயிரோடு இருக்கலாம்.

அதனால் முதலாளிக்காகத் தொடங்கிய வேலையைத் தனக்காகச் செய்தான். உதிரிக் கடையில் அயர்ன் பாக்ஸ் தகடும் பட்டையும் வாங்கினான். லேத்தில் பித்தளைத் தொட்டி கடைந்து வாங்கினான். வெளிக்கூட்டுக்கு ஒரு எவர்சில்வர் தூக்குப்போசியில் ஓட்டை போட்டான். பட்டையின் வளைவு சரியாக அமையவில்லை. முதலில் மூடி திறந்தது மூடவேயில்லை. பிறகு மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை படபடவென்று அடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினேழு நிமிஷத்துக்கு வந்து நின்றது. கடையில் வாங்கிய ரோஸ் செண்டையும் ஸ்பிரிட்டையும் கலந்து ஊற்றிப் பஞ்சுத் திரி போட்டு, விஜயராணியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தான்.

மூடி எழுந்தது.

"என்ன வாசம்?"

"ரோஸ் செண்டு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. இதுல அவ இல்ல" என்று எழுந்து போய்விட்டாள்.

அவன் இரண்டு பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். தகடும் பட்டையும் மூடியும் ஒன்றேபோல்தான் இருந்தன. இதில் தான் ஊற்றின வாசம்தான் வருகிறது. அப்படியானால் அதிலும் யாரோ ஊற்றின வாசம்தான் வர வேண்டும். அவன் இன்னும் திறக்காமல் விட்டிருந்தது பழைய தொட்டி ஒன்றுதான். அளவுகூட வெளியிலிருந்துதான் எடுத்திருந்தான். அதன் மூடியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் எம்-சீல் அப்பியிருந்ததை முதல் நாளே பார்த்தான். ஒழுகுகிறதென்று தோட்டத்தில் யாரோ அடைத்திருப்பார்கள், உடைத்தால் முதலாளி திட்டுவார் என்று விட்டிருந்தான்.

உடைந்த ரம்பப் பிளேடு ஒன்றை எடுத்துச் சுரண்டினான். மெதுவாகச் சுரண்ட வேண்டியிருந்தது. அரை மணி நேரத்தில் மூடி சுழன்று கையோடு வந்தது.

உள்ளே செண்டு இல்லை. பச்சை ஓடிய எண்ணெய் பாதித் தொட்டிக்கு நின்றது. விரலில் தொட்டுத் தேய்த்தான். தேங்காய் எண்ணெயின் வழுவழுப்பு. இடுக்கியால் திரியை வெளியே இழுத்தான். முப்பது வருஷத்து நார்த்திரி இல்லை. பனியனுக்குக் கழுத்தில் வைத்துத் தைக்கிற ரிப் துணி, நாலாக மடித்துச் சுருட்டி, வெள்ளை நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. துணி மட்கவில்லை. நூலும் புதிது. கம்பெனியில் தினமும் கையில் புழங்குகிற பாலியஸ்டர் நூல்.

நூலை அவிழ்க்க முடிச்சைத் தேடின விரல் அப்படியே நின்றது.

ஓவர்லாக் மிஷினில் நூல் தீர்ந்தால் பழைய நூலின் வாலில் புது நூலை முடிந்து இழுப்பார்கள். சாதாரண முடிச்சு ஊசிக் காதில் சிக்கி அறுந்துபோகும். காசிமாயன் ஒரு முடிச்சு வைத்திருந்தான். இரண்டு சுற்றுச் சுற்றி வாலைத் திருப்பி நடுவில் செருகி இழுத்தால் மணல் அளவுக்கு இறுகி வழுக்கிக்கொண்டு போகும். டெய்லர்கள் கெஞ்சினாலும் சொல்லித்தர மாட்டான். தொழிலில் அந்த ஒரு மரியாதையாவது தனக்கு இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டிருந்தான். பதினாறு வயதில் கைமடிக்குப் போன மகளுக்கு மட்டும், சீக்கிரம் மிஷினில் உட்காரட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டிக்கொடுத்தான். அவள் நூறு தடவை போட்டுப் பழகினாள்.

திரியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "விசயா" என்று கூப்பிட்டான். அவள் எட்டிப் பார்த்தாள்.

"இந்தா பாரு. இது அவ கட்டுனது. இந்த முடிச்சு எனக்கும் அவளுக்குந்தான் தெரியும். எண்ணெ ஊத்துனதும் அவதான். பேயுமில்ல ஒண்ணுமில்ல. ஒம்புள்ள காச்சுன எண்ணெ இது."

விஜயராணி திரியை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், "கட்டுனவ இன்னும் இருக்கான்னு முடிச்சு சொல்லுதாய்யா?"



முதலாளி மும்பை போயிருந்தார். வியாழக்கிழமைதான் வந்தார். நாலு நாள் காசிமாயன் ஒரு மிஷினையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. அவர் காரை விட்டு இறங்கினதும் போய் நின்றான்.

"மொதலாளி, அந்தப் பொட்டியில எண்ணெ ஊத்தித் திரி போட்டது யாருங்க?"

"அதா? தோட்டத்துல எங்கக்காவப் பாத்துக்கற புள்ளைங்க. அக்கா ரெண்டு வருசமா படுத்த படுக்கை. முதுகெல்லாம் புண்ணு, ரூம்புக்குள்ள ஆரும் கால் வெக்க முடியாது. அந்தப் புள்ளதான் அட்டாலில கெடந்த பொட்டிய எறக்கி என்னமோ பண்ணி ஓட்டுச்சு. ஏனுங்க, ஒடஞ்சு போச்சுங்களா?"

"இல்லீங்க. அந்தப் புள்ள பேரு?"

"அக்கா கண்ணு கண்ணுன்னு கூப்புடும். நானும் கேட்டுக்கலீங்க. புருசன் நம்ம கோழிப்பண்ணை வண்டி ஓட்டறான்."

"இப்ப இருக்குதுங்களா?"

சாமியப்பன் அவனை ஒரு மாதிரி பார்த்தார். "நான் போயி ஒரு மாசமாச்சுங்க. மஞ்சக் காமாலைன்னு தாராபுரத்துல சேத்திருக்கறதா மேனேஜர் சொன்னான். அப்புறம் என்னாச்சுன்னு தெரியலீங்க. என்னங்க காசி, வேர்க்குது உங்களுக்கு?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பெட்டியைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லி, தோட்டத்துக்கு வழி கேட்டுக்கொண்டான்.

மறுநாள் அமாவாசை. விஜயராணி விடியற்காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வயர்கூடையில் எள்ளும் பச்சரிசியும் வாழையிலையும் எடுத்து வைத்தாள். அவன் பார்த்தான்.

"அங்க அவ இல்லேன்னா அப்படியே தாராபுரம் போயிருவோம். ஆத்துல வேலைய முடிச்சுட்டுத்தான் திரும்பணும்" என்றாள்.

பஸ்ஸில் கூட்டம். அமாவாசைக்கு ஆற்றுக்குப் போகிறவர்கள். ஆடிக் காற்று ஜன்னல் வழியாக மண்ணை வாரி இறைத்தது. காசிமாயன் பெட்டியை மடியில் வைத்திருந்தான். உடைத்த தொட்டி மூடி சரியாகப் பொருந்தாமல் எண்ணெய் பெட்ஷீட் துணியில் கசிந்திருந்தது. முன் சீட்டுப் பெண் திரும்பி, "பூவு வெச்சிருக்கீங்களாக்கா? வாசம் தூக்குது" என்றாள். விஜயராணி தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவிநாசிபாளையம் வந்தது. டீக்கடை தாண்டிப் போயிற்று. காசிமாயன் அதைப் பார்க்காமல் கையிலிருந்த டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

குண்டடம் தாண்டி இறங்கி இரண்டு மைல் நடந்தார்கள். இருபுறமும் மழை காணாத சோளக்காடு. தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. காற்று விஜயராணியின் சேலையை முன்னால் இழுத்தது. பன்னிரண்டு நாள் சரியாகச் சாப்பிடாதவள், ஆனாலும் அவனுக்கு முன்னால் நடந்தாள். தென்னைக்கு நடுவில் ஓட்டு வீடு தெரிந்ததும் நின்றுவிட்டாள். ஒரு நாய் குரைத்துக்கொண்டு ஓடிவந்தது.

"ஆருங்க அது? ஒண்ணும் பண்ணாதுங், சும்மா வாங்க" என்று வீட்டின் பின்பக்கமிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

விஜயராணி அவன் கையைப் பிடித்தாள். "நம்ம புள்ள பேச்சு இல்லய்யா இது. இந்தூர்க்காரப் புள்ள. வா, போயிருவோம். பஸ்ஸு போயிரும்."

"இரு."

"வேணாய்யா. பாக்காமயே போயிருவோம்."

சுவரைச் சுற்றிக்கொண்டு ஒருத்தி வந்தாள். நைட்டிமேல் துண்டு போட்டிருந்தாள். இரண்டு கையிலும் சோப்பு நுரை. முகம் மஞ்சள் வாங்கிக் கன்னம் ஒட்டியிருந்தது. தலைமுடி கழுத்தோடு நின்றிருந்தது. இடுப்புக்குக் கீழே தொங்கிய முடியைத்தான் காசிமாயனுக்குத் தெரியும். அவள் இவர்களைக் கண்டதும் நுரைக் கையைத் தூக்கினபடியே நின்றாள். வெயில் அவள் முதுகுப் பக்கமிருந்து அடித்தது. நாய் குரைப்பதை விட்டது.

விஜயராணி கூடையைக் கீழே வைத்தாள். மெதுவாகப் போனாள். கிட்டே போனதும் முகத்தைப் பார்க்காமல் குனிந்து உட்கார்ந்து, மகளின் இரண்டு பாதங்களையும் கையால் பிடித்து மண்ணோடு அழுத்தினாள். விரல்களைத் தடவினாள். குதிகாலுக்கு அடியில் கையைவிட்டுப் பார்த்தாள்.

"ஐயோ, அம்மா, காலத் தொடாத! எந்திரிம்மா."

"தரையில படுதான்னு பாக்குறேன்டி" என்றாள் விஜயராணி. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. நதியாவும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குள்ளிருந்து, "கண்ணு, ஆரு வந்துருக்கறாங்க?" என்று ஒரு பலவீனமான குரல் கேட்டது. "எங்கம்மாங்க" என்று உட்கார்ந்தபடியே பதில் கொடுத்தாள் நதியா.

"ஒரு போன் பண்ணக் கூடாதாடி? ரெண்டரை வருசம். இந்தா இருக்க ஊருல இருந்துக்கிட்டு!"

நதியா தாயின் தோளுக்கு மேலாக முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "செத்தவ எப்பிடிம்மா போன் பண்ணுவா?"

காசிமாயன் வாசலுக்கு வெளியே, நாய் நிறுத்தின இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். சொல்ல நினைத்து வந்ததெல்லாம் பஸ்ஸிலேயே தீர்ந்துபோயிருந்தது. கையிலிருந்த பெட்டி கனத்தது. அதைக் கீழே வைக்கலாமா என்றுகூடத் தெரியவில்லை. காற்று அவர்கள் இருந்த பக்கத்திலிருந்து அவன் முகத்தில் அடித்தது. அவன் மூச்சை இழுத்தான். மண்ணின் சூடு மட்டும் உள்ளே போயிற்று.

உள்ளிருந்து மறுபடியும் அந்த அம்மாள் கூப்பிட்டாள். நதியா எழுந்து, தாயைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, வாசற்படியை நோக்கி நடந்தாள். படியில் ஏறினவள் திரும்பவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு தாயிடம் மட்டும் சொன்னாள்:

"வெயிலு ஏறுதும்மா. அவர நெழலுக்கு வரச் சொல்லு."